கல்லூரிக் களத்திலிருந்து கடல் கடந்து

கூடைப்பந்தில் சிறந்து விளங்கும் கல்லூரி மாணவிக்கு இந்தியாவில் நெடுங்காலமாகத் திறந்திருந்த வழி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசுப் பணியே. கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ், சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் பயின்று, சென்னையில் தென்னக இரயில்வே அணியில் சேர்ந்ததும் அவ்வழியேதான். அப்பணி வாழ்வுக்கு உறுதியளித்தது. ஆட்டத்திற்கு வேண்டிய எதிராளிகளைத் தரவில்லை. ஆறடி இரண்டங்குல உயரமுடைய அவரைக் கூடையருகே தடுத்து நிற்கக்கூடியவர் உள்நாட்டில் அரிது. தடுப்பாரின்றி ஆடுபவரின் திறன் எங்ஙனம் வளரும்?

கீது ஆஸ்திரேலியா சென்றார். விக்டோரியா மாநிலத்தின் 'பிக் வி', அந்நாட்டுத் தேசிய லீக்கிற்குக் கீழ்நிலையில் உள்ள, பகுதியளவே தொழில்முறையான போட்டி. அதில் புகழும் பொருளும் சிறிது. வலிய எதிரணியினரோடு மோதிப் பழகும் வாய்ப்போ பெரிது. 2006 முதல் 2008 வரை ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காக அவர் ஆடினார்.

2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக்கின் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. அந்த லீக்கில் அன்று இருந்தவை 12 அணிகள். அணிக்கு 11 பேர். ஆடவருக்கென அங்கு 2001இலேயே வளர்நிலை லீக் தொடங்கப்பட்டிருந்தது; தேர்வில் தவறியோர் அதில் ஆடியபடியே மீண்டும் முயலலாம். மகளிருக்கு அத்தகைய இடைப்படி இல்லை. இடம் கிட்டாத கீது, இந்திய அணிக்காகத் தொடர்ந்து ஆடினார். 2014இல் அர்ஜுனா விருது பெற்றார்.