கோதுமை ஆகாத குழந்தைக்குக் கொழுக்கட்டை உண்டு

பிழைப்புக்காகப் புனேக்கு வந்த தமிழர் வீடுகளில் சப்பாத்தி நம் வீட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. காலையில் பாலும் பிஸ்கட்டும், பள்ளிக்கூட டப்பாவில் சப்பாத்தி, மாலையில் பாவ். இப்படி வளரும் மூன்று வயதுக் குழந்தைக்கு மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. வயிறு உப்பி, கைகால் மெலிந்து, முகம் வெளுத்து, எப்போதும் சிணுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாந்தம், கண் திருஷ்டி, பூச்சி என்று நாள் கடத்துவது பல வீடுகளில் வழக்கம். டாக்டர்கள் சந்தேகிக்கும் காரணங்களில் சீலியாக் நோயும் ஒன்று.

ரொட்டி இல்லாத குளிர்காலம்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவை இழுபட வைப்பது இதுதான். சீலியாக் நோய் உள்ளவர் உடம்பு இதை ஏற்காமல் தன் சிறுகுடல் சவ்வையே அழித்துக்கொள்கிறது. சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டுவதில்லை.

ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமை மீது முன்பே சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில், யுத்தத்தால் அங்கே ரொட்டிக்குப் பஞ்சம் வந்தது. ஊரே வாடியபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள்; ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயுற்றார்கள். 1950-ல் அவர் தம் ஆய்வேட்டில் கோதுமைத் தொடர்பை விளக்கினார். இன்றும் இதற்கு மருந்து உணவுதான், அதுவும் ஆயுள் முழுவதற்கும்.

முதலில் சோதனை

சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தியபின் ரத்தத்தைச் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். குழந்தை வழக்கம்போல் சாப்பிடும்போதே ரத்தச் சோதனையும், தேவைப்பட்டால் சிறுகுடல் சதைச் சோதனையும் நடக்க வேண்டும்.

பால் சமாசாரம் வேறு. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் என்சைம், புண்பட்ட அந்தச் சவ்வில்தான் உற்பத்தியாகிறது. அதனால் டாக்டர் சில காலம் பாலையும் நிறுத்தச் சொல்லலாம். குடல் ஆறியபின் பெரும்பாலான குழந்தைகள் மீண்டும் பால் குடிக்க முடியும். அதுவரை கேழ்வரகுக் கூழ் கைகொடுக்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. மராட்டியர் இதை நாச்ணி என்பர்.

ஒளிந்திருக்கும் கோதுமை

அரிசிச் சாப்பாட்டுக்காரர்களான நமக்கு இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல் எல்லாம் இருக்கின்றன. மராட்டியர் வீட்டுச் சோள பாக்ரி, அவல் போஹே, ஜவ்வரிசிக் கிச்சடியிலும் கோதுமை இல்லை. ஆபத்து ஒளிந்தே வருகிறது. ரவை உப்புமாவும் சேமியாவும் கோதுமைதான். கடைப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பாரே ஆகாமல் போகலாம். மால்ட் பானப் பொடிகளில் பார்லி உண்டு. பாக்கெட் வாங்கினால் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அப்படி அச்சிட இந்தியச் சட்டம் இடம் தருவதில்லை.

மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு சோளம் அரைத்தால் மாவு கெட்டுவிடும். வீட்டு மிக்ஸியில் அரைப்பது உத்தமம். சப்பாத்திக் கல்லிலேயே தோசை வார்க்கலாகாது, தனிக்கல் வேண்டும்.

அன்பான கைகள்

எல்லாவற்றையும்விடக் கடினம் அன்பை மறுப்பது. "ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று பாட்டி பிஸ்கட் நீட்டுவாள். சத்தியநாராயண பூஜைப் பிரசாதமாக ரவைச் சிரா வரும். வாங்க மறுத்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்று தாய் தவிப்பாள். ஆனால் அந்த ஒரு வாய் போதும், ஆறிவரும் குடலை மறுபடி புண்ணாக்க. "ஹ்யாலா கஹூ சாலத் நாஹி" - இவனுக்குக் கோதுமை ஆகாது - என்று மராட்டியில் பக்கத்து வீட்டிலும் பாலர் பள்ளியிலும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வருத்தம் வராது.

குழந்தைக்கு மட்டும் தனித்தட்டு வைத்தால் அது ஏங்கிப் போகும். இரவுச் சாப்பாடாவது வீட்டார் அனைவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பிறந்தநாள் வீட்டுக்குப் போகும்போது ஒரு டப்பாவில் தேங்காய் பர்பியோ கடலை உருண்டையோ உடன் போகட்டும்.

பிள்ளையார் சதுர்த்திக்குப் புனே நகரமே கோலாகலம் பூணும். மராட்டியர் படைக்கும் உகடீச்சே மோதக் நம் கொழுக்கட்டைதான்: மேலே அரிசி மாவு, உள்ளே தேங்காயும் வெல்லமும். வீட்டில் அரைத்த மாவில், நெய் விடாமல் செய்தால், அந்த நாளில் இந்தக் குழந்தையும் மற்றவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் தின்பதையே தின்னும்.