ஃபியூஸ் போகல, மோட்டார் போச்சு

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போற ரோட்டோரம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு. போன கோடையில் அங்கே இருந்த 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் எரிஞ்சு போச்சு. காயில் முழுக்கக் கருகல். ஆனா மூணு ஃபியூஸும் அப்படியே இருந்துச்சு. ஃபியூஸ் இருந்தும் ஏன் எரிஞ்சது? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மோட்டார் பிளேட்டில் இருப்பது 7.5 ஆம்பியர். நேரடியாக ஸ்டார்ட் பண்ணும்போது சில நொடிகளுக்குச் சுமார் 6 மடங்கு, அதாவது 45 ஆம்பியர் இழுக்கும். அதைத் தாங்கணும்னு 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தாங்க. அது தப்பில்லை. அமெரிக்க மின் விதித்தொகுப்புகூட இந்த வேலையை மூணாகப் பிரிக்கிறது: கேபிள் மோட்டார் கரண்ட்டில் 125 சதவீதம் தாங்கணும், ஓவர்லோடு ரிலே 115 முதல் 125 சதவீதத்துக்குள் இருக்கணும், ஷார்ட் சர்க்யூட்டுக்கான பிரேக்கர் மட்டும் 250 சதவீதம் வரை போகலாம். ஆக, ஃபியூஸும் பிரேக்கரும் ஷார்ட் சர்க்யூட்டுக்கு. மோட்டாரைக் காப்பது ரிலேதான்.

எங்க மெயின் சுவிட்ச்சில் ஒரு முனை உப்புக்காத்தில் பச்சை பூத்து, ஒரு பேஸ் விட்டுப்போயிருக்கு. ஓடிக்கிட்டிருந்த மோட்டார் நிக்கல. அதே சுமையை ரெண்டு பேஸில் இழுத்தால் கரண்ட் சுமார் 1.73 மடங்காகும்: 13 ஆம்பியர். 20 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ரிலே 7.5-ல் இருந்திருந்தால் சில நிமிஷத்தில் தட்டிவிட்டிருக்கும். ஆனா லோ வோல்டேஜில் அடிக்கடி ட்ரிப் ஆகுதேன்னு யாரோ அதை 12-க்குத் திருப்பி வச்சிருந்தாங்க. 12-ல் வைத்த ரிலேக்கு 13 என்பது 8 சதவீதம்தான் கூடுதல். ரெண்டு மணி நேரம் ஆனாலும் அது விழணும்னு கட்டாயமில்லை.

மோட்டாரை மேலே தூக்கினப்போ இன்னொன்னும் தெரிஞ்சது. கேபிளைக் குழாயோடு சேர்த்துக் கட்டின கட்டுக்கம்பி துருப்பிடிச்சுப் பல இடத்தில் அறுந்திருந்தது. ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு தடவையும் குழாய் லேசாகத் திருகும். தொங்குற கேபிள் போர் சுவரில் உரசி உறை தேயும். கேபிளோட எடை முழுக்க ஜாயின்ட்டில் விழும்.

இப்போ காயில் கட்டி இறக்கியாச்சு. ரிலே 7.5-ல். கூடவே சிங்கிள் பேஸிங் பிரிவென்டர். கேபிளுக்கு 3 மீட்டருக்கு ஒரு துருப்பிடிக்காத கட்டு. உங்க மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆனால், ரிலேயைத் திருப்பாதீங்க. முதல்ல மூணு பேஸிலும் வோல்டேஜ், கரண்ட் ரெண்டையும் அளந்து பாருங்க.