நோயாளியின் கையில் நோய்க்குறிப்பு

மருத்துவர் நம்மைப் பரிசோதித்த பின் ஏதோ எழுதுகிறார். அந்த எழுத்து யாருக்காக எழுதப்படுகிறது? மருந்துக் கடைக்குக் கொண்டு போகும் சீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. நோயாளி சொன்னது என்ன, தாம் கண்டது என்ன, ஐயுறுவது என்ன, இனிச் செய்ய வேண்டியது என்ன என்று மருத்துவர் தமக்காகவும், தமக்குப் பின் வரும் மற்றொரு மருத்துவருக்காகவும் குறித்து வைக்கிறாரே, அந்த நோய்க்குறிப்பைப் பற்றியே கேட்கிறேன். மேலை நாடுகளில் நெடுங்காலம் அது நோயாளியின் கண்ணுக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. இன்றோ, அதனை நோயாளி இணையத்தில் சேமித்து வைத்து, வேண்டிய போது கைப்பேசியில் படிக்கும் நிலை வந்திருக்கிறது. இதனை மருத்துவர்கள் எவ்வாறு கருதுகின்றனர் என்பதே இன்று நாம் எடுத்துக் கொண்ட பொருள்.

குறிப்பின் படியை நோயாளிக்கே கொடுத்துவிட வேண்டும் என்ற யோசனை இணையம் பரவுவதற்கு வெகு முன்னரே எழுந்தது. 1973-ஆம் ஆண்டில் ஷென்கின், வார்னர் என்னும் இருவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழான 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஏட்டில் இதனை வலியுறுத்தி எழுதினர். மருத்துவர் உலகம் எளிதில் இணங்கவில்லை. நோயாளி படித்தால் புரியாமல் கலங்குவார்; ஐயம் கேட்டு ஓயாது தொல்லை தருவார்; பார்க்க வேண்டிய பிற நோயாளிகளுக்கு நேரம் இராது; எல்லாவற்றுக்கும் மேலாக, மனத்தில் தோன்றியதை ஒளிவு மறைவின்றி எழுத இயலாது போகும். இவையே அவர்கள் கூறிய தடைகள்.

கடைசித் தடையின் நியாயம் ஆசிரியர்களுக்கு உடனே விளங்கும். பெற்றோர் கையொப்பமிடும் மதிப்பெண் அட்டையில், 'இன்னும் கவனம் தேவை' என்று எழுதுவோம். அதே மாணவனைப் பற்றி அடுத்த வகுப்பாசிரியருக்குச் சொல்லும்போது, வீட்டில் தகப்பனாரின் குடிப்பழக்கத்தால் பையன் உறங்குவதில்லை என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்வோம். இரண்டும் உண்மையே. ஆயினும் படிப்பவர் யார் என்பதைப் பொறுத்து எழுத்து மாறிவிடுகிறது.

இந்த அச்சங்களைச் சோதித்துப் பார்க்க 2010-ஆம் ஆண்டில் ஒரு முயற்சி தொடங்கிற்று. பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூன்று இடங்களில் 105 மருத்துவர்கள், தங்கள் நோயாளிகள் 13,000 பேருக்கு மேற்பட்டோர் தத்தம் குறிப்புகளை இணையத்தில் படிக்க ஓராண்டுக் காலம் இசைந்தனர். 'திறந்த குறிப்புகள்' என்று பொருள்படும் பெயர் அதற்கு இட்டனர். 2012-ல் முடிவுகள் வெளியாயின. படித்ததனால் குழப்பமோ கவலையோ மனவருத்தமோ அடைந்ததாகச் சொன்ன நோயாளிகள் இடத்துக்கு இடம் நூற்றுக்கு 1 முதல் 8 பேரே. மருந்தை முன்னிலும் ஒழுங்காக உட்கொள்வதாகச் சொன்னவர்கள், மருந்து உண்போருள் நூற்றுக்கு 60 முதல் 78 பேர். பரிசோதனை நேரம் நீண்டுவிட்டது என்று முறையிட்ட மருத்துவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கு மேல் இல்லை. ஓராண்டு முடிவில் விலகிக்கொள்ளலாம் என்று சொன்னபோது, ஒரு மருத்துவர்கூட விலகவில்லை.

இவர்கள் விரும்பி முன்வந்த மருத்துவர்கள் என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். விரும்பாதவர்களிடம் இதே பயன் விளைந்திருக்குமா என்பது வேறு கேள்வி. மேலும், எழுதும் முறையை மாற்றிக்கொண்டதாக ஒப்புக்கொண்டோர் ஓரிடத்தில் நூற்றுக்கு 3 பேராகவும், மற்றோரிடத்தில் 36 பேராகவும் இருந்தனர். மாற்றியவற்றுள் சில வேடிக்கையானவை. மூச்சுத் திணறலை ஆங்கில மருத்துவர்கள் சுருக்கி 'எஸ்.ஓ.பி.' என்று எழுதுவது வழக்கம். அந்த மூன்றெழுத்துக்கும் ஆங்கிலப் பேச்சில் ஒருவருடைய தாயைப் பழிக்கும் வசைமொழி ஒன்று உண்டு. மூச்சு வாங்க வந்தவர் தம் குறிப்பில் அதைப் படித்தால் எப்படி இருக்கும்!

படிப்பது ஒன்று; இணையத்தில் சேமித்து வைத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதில்தான் மருத்துவர்களின் எச்சரிக்கை மிகவும் பொருளுடையது என்பது என் கருத்து. கூகுள் நிறுவனம் 2008-ல், மக்கள் தங்கள் உடல்நலக் குறிப்புகளைத் தாமே சேர்த்து வைக்கும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. சிறுநீரகப் புற்றுநோயிலிருந்து மீண்டவரான டேவ் டிபிராங்கார்ட் என்பவர், பாஸ்டனில் தம் மருத்துவமனையிலிருந்த விவரங்களை 2009-ல் அதற்கு மாற்றினார். திறந்து பார்த்தவர் திகைத்தார். புற்றுநோய் மூளைக்கோ தண்டுவடத்துக்கோ பரவியிருப்பதாக அதில் கண்டிருந்தது. அப்படி எதுவும் அவருக்கு நேர்ந்ததில்லை. என்றோ வந்துபோன நோய்கள்கூட நாள் குறிப்பின்றி, இன்று உள்ளவை போல் வரிசையாய் நின்றன. காரணம் எளிது. அங்கே போய்ச் சேர்ந்தவை மருத்துவர் எழுதிய குறிப்புகள் அல்ல. காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் பெறுவதற்காக எழுதப்பட்ட கணக்குக் குறியீடுகள். ஒரு நோய் இருக்கிறதா என்று பார்க்கப் படம் எடுத்தால், அந்த நோயின் குறியீட்டையே கணக்கில் எழுதிவிடுவதுண்டு. மருத்துவமனை பின்னர் அக்குறியீடுகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. கூகுளின் அந்த ஏற்பாடும் 2012-ல் மூடப்பட்டது. நினைவிழந்த நிலையில் அவர் வேற்றூர் மருத்துவரிடம் சேர்க்கப்பட்டு, அம்மருத்துவர் அந்தப் பட்டியலை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். ஆனால் இதனை மறுபுறமும் பார்க்க வேண்டும். நோயாளி தாமே பார்த்ததனால் அல்லவா அந்தத் தவறு வெளிப்பட்டது?

2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில், குறிப்புகளையும் சோதனை முடிவுகளையும் தாமதமின்றி நோயாளிக்குக் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இதனால் மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே, புற்றுநோய் என்னும் செய்தியை ஒருவர் நள்ளிரவில் தனியே கைப்பேசியில் படிக்க நேரிடுகிறது. பல மருத்துவர்கள் மனம் வருந்துவது இதற்குத்தான். ஆயினும் 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட 8,139 பேருள் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டோர், மருத்துவர் பார்க்காவிட்டாலும் முடிவை உடனே காட்டுவதையே விரும்புவதாகக் கூறினர். காத்திருப்பது அதைவிடக் கொடிது போலும்.

களவு பற்றிய அச்சமும் வெறும் கற்பனையன்று. பின்லாந்து நாட்டில் வாஸ்தாமோ என்னும் மனநலச் சிகிச்சை நிலையத்தின் குறிப்புகளைத் திருடியவர்கள், 2020-ல் நோயாளிகளுக்கே தனித்தனியே எழுதிப் பணம் கேட்டு மிரட்டினர். நம் தில்லியிலும், அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் கணினிகள் 2022 நவம்பரில் தாக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் கையாலேயே எழுதிச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இந்தக் கேள்வியின் உருவமே வேறு. நோய்க்குறிப்பு இங்கே பெரும்பாலும் நோயாளியிடந்தான் இருந்து வந்திருக்கிறது. அரசு மருத்துவமனை வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். மஞ்சள் துணிப்பைக்குள் எக்ஸ்-ரே படமும், மடிப்பில் கிழிந்த சீட்டுகளும், இரத்தப் பரிசோதனைத் தாள்களுமாக ஒரு குடும்பத்தின் மருத்துவ வரலாறே உட்கார்ந்திருக்கும். அமெரிக்க மருத்துவர் கொடுக்கத் தயங்கியதை நம் மருத்துவர், "பத்திரமாக வைத்திரும்மா, அடுத்த தடவை கொண்டு வா" என்று சொல்லிக் கொடுத்தனுப்புகிறார். அடுத்த தடவை அது வருவதில்லை. மழையில் நனைந்திருக்கும், அல்லது பரண்மேல் இருக்கும்.

2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் இதற்கு ஒரு வழி செய்கிறது. விரும்புவோர் 14 இலக்கம் கொண்ட ஓர் எண் பெறலாம். குறிப்புகள் அனைத்தும் ஒரே களஞ்சியத்தில் குவிக்கப்படுவதில்லை. எழுதிய மருத்துவமனையிலேயே இருக்கும். மற்றொரு மருத்துவர் பார்க்க நோயாளியின் சம்மதம் வேண்டும். அதனை அவர் திரும்பப் பெறவும் செய்யலாம். ஏற்பாடு நல்லதே. ஆனால் சம்மதம் கைப்பேசி வழியே கேட்கப்படுகிறது. நம் வீடுகளில் கைப்பேசி யாருடையது? தாயின் எண்ணாகப் பதிவானது பல வேளைகளில் மகனுடையதாகவோ கணவனுடையதாகவோ இருக்கிறது. கணவன் அடித்த காயத்துக்கு மருந்திட்ட மருத்துவர், அதனை உள்ளபடி எழுதினால் முதலில் படிக்கப்போகிறவன் அந்தக் கணவனே. மகளிர் மருத்துவம் பார்க்கும் அம்மையார் ஒருவர் என்னிடம் இதைச் சொன்னபோது, மறுமொழி கூற எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாக வைத்தியம் பார்க்கும் டாக்டரின் குறை வேறு. காலையில் எழுபது பேரைப் பார்க்கும் நான் எப்பொழுது தட்டச்சு செய்வது என்பது அவர் கேள்வி. முதியவர் ஒருவரை இரவில் நினைவின்றிக் கொண்டுவந்து போட்டால், அவருக்கு வேண்டியது நூறு பக்கமன்று. ஒவ்வாத மருந்து எது, இப்போது உண்ணும் மருந்துகள் எவை, முன்பு செய்த அறுவை என்ன, சர்க்கரையோ இருதய நோயோ உண்டா என்ற நான்கே செய்திகள்தாம். கைப்பேசியில் சீட்டைப் படம் பிடித்து வருவோர் மருந்தின் பெயரை மட்டும் பிடித்து, மேலே உள்ள பெயரையும் தேதியையும் விட்டுவிடுகிறார்கள் என்று அவர் சலித்துக்கொள்கிறார். தேதியில்லாத சீட்டைக் கண்டால் அவர் தொடுவதே இல்லை. மறுபடியும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கிவிடுகிறார்.