எல்லைக் கதவைச் சாத்தச் சொன்னவர்கள் யார் யார் தெரியுமா?

கலிபோர்னியத் திராட்சைத் தோட்டக் கூலிகளின் தலைவர் சீசர் சாவேஸ், 1969இல் மெக்சிகோ எல்லையை நோக்கி ஓர் ஊர்வலம் நடத்தினார். எதற்குத் தெரியுமா? எல்லை தாண்டி ஆட்கள் கொண்டுவரப்படுவதை எதிர்த்து! சாவேஸின் தாத்தாவே மெக்சிகோவிலிருந்து வந்தவர். ஊர்வலத்தில் நடந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். கூடவே வந்தவர் ரால்ஃப் அபர்நாதி, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு அவருடைய இயக்கத்தின் தலைமையை ஏற்ற கறுப்பினப் பாதிரியார். பின்னாளில் துணை ஜனாதிபதியான வால்டர் மாண்டேலும் வந்து சேர்ந்துகொண்டார். சட்டவிரோதக் குடியேற்றத்தை எதிர்ப்பவர் என்றதும் நம் மனக்கண்ணில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்து நிற்கிறார் இல்லையா? அந்தப் படத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு மேலே படியுங்கள்!

சாவேஸின் கணக்கு எளிமையானது. 1942 முதல் 1964 வரை ‘பிரசேரோ’ என்ற ஒப்பந்தக் கூலித் திட்டத்தின் கீழ் மெக்சிகோவிலிருந்து லட்சக்கணக்கானோர் அமெரிக்கப் பண்ணைகளுக்கு வரவழைக்கப்பட்டார்கள். அந்தத் திட்டம் முடிந்த மறு வருஷமே, 1965 செப்டம்பர் 8ஆம் தேதி, டெலானோ ஊரில் திராட்சை பறிப்பவர்கள் வேலையை நிறுத்தினார்கள். முதலில் நிறுத்தியது யார் தெரியுமா? லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள்! எட்டு நாள் கழித்துத்தான் சாவேஸின் சங்கம் களத்தில் குதித்தது. பண்ணை முதலாளிகள் அசருவார்களா? எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அனுமதிக் காகிதம் ஏதும் இல்லாத ஏழைகளை அழைத்துவந்து தோட்டத்தில் இறக்கினார்கள். வேலைநிறுத்தத்தை உடைக்க வருகிறவனுக்கு நம்மூர் சங்கத்தில் என்ன பெயர்? கருங்காலி. அங்கேயும் அதே கோபம்தான். வந்தவன் தன் மொழி பேசுகிறானா, தன் சாமியைக் கும்பிடுகிறானா என்று கூலி கேட்டு நிற்பவன் பார்க்கவில்லை.

இதன் உச்சம் 1974. சாவேஸ் பிறந்த அதே யூமாவில், அரிசோனா மாநிலத்தில், எலுமிச்சை பறிப்பவர்களின் வேலைநிறுத்தம். எல்லைக் காவல் படை கண்டுகொள்ளவில்லை என்று சொல்லி, சங்கமே எல்லையோரமாக வரிசையாகக் கூடாரம் அடித்தது! சாவேஸின் உறவுக்காரர் மானுவேல் சாவேஸ் அதற்குப் பொறுப்பு. ராத்திரி பகலாகச் சங்கத்து ஆட்கள் காவல் நின்றார்கள். தாண்டி வந்தவர்களை மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். அடி உதையும் விழுந்தது என்ற புகார்கள் அப்போதே எழுந்தன. அதே வருஷம், எந்தத் தோட்டத்தில் யார் காகிதமில்லாமல் வேலை செய்கிறார் என்று எழுதிக் குடிவரவுத் துறையிடம் கொடுக்கும் பிரசாரத்தையும் சங்கம் நடத்தியது. இன்றைக்கு அமெரிக்கப் பள்ளிச் சுவர்களில் சிரிக்கும் சாவேஸ் ஓவியங்களில் இந்தக் கூடாரங்களைக் காண முடியாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதை எதிர்த்தவர்களும் மெக்சிகோ வம்சாவளியினரே! பெர்ட் கொரோனா என்ற தலைவர், காகிதமில்லாதவனையும் சங்கத்தில் சேர்த்துக்கொள் என்று சாவேஸிடம் மல்லுக்கு நின்றார். பிற்பாடு சங்கம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1986இல் காகிதமில்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு தந்த சட்டத்தை அது ஆதரித்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இத்தனை தூரம்!

இன்னொருவரைப் பாருங்கள். ஹெக்டர் கார்சியா, டெக்சாஸ் மாநிலத்தில் டாக்டர். மெக்சிகோவில் பிறந்து, அங்கே புரட்சி வெடித்தபோது குடும்பத்தோடு 1917இல் தப்பி வந்த குழந்தை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ மருத்துவர். மெக்சிகோ வம்சாவளிப் படைவீரர்களுக்காக 1948இல் ‘அமெரிக்கன் ஜிஐ ஃபோரம்’ தொடங்கினார். போரில் இறந்த ஒரு வீரனின் உடலைத் தன் கூடத்தில் வைக்க ஒரு டெக்சாஸ் ஈமச்சடங்கு நிலையம் மறுத்தபோது, கொதித்தெழுந்து, அன்றைய செனட்டர் லிண்டன் ஜான்சனைப் பிடித்து, ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யவைத்தவர். அதே அமைப்பு 1953இல், சட்டவிரோதமாக வரும் மெக்சிகோ கூலிகளால் உள்ளூர்க் கூலி எப்படி அடிபடுகிறது என்று காட்டி, தொழிலாளர் கூட்டமைப்போடு சேர்ந்து ஒரு நூலே வெளியிட்டது! அடுத்த வருஷம் அரசு நடத்திய பெரும் நாடுகடத்தலில் அமெரிக்கக் குடிமக்கள் சிலரும் அகப்பட்டு எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள் என்பது தனி வேதனை.

சரி, கறுப்பின மக்கள் பக்கம் வருவோம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இருக்கிறார். பார்பரா ஜோர்டான்!

ஹூஸ்டன் நகரத்தின் ஏழைக் கறுப்பினப் பேட்டையில் 1936இல் பிறந்தவர். 1966இல் டெக்சாஸ் செனட்டுக்கு ஜெயித்தபோது, அந்தச் சபைக்கு 1883க்குப் பிறகு போன முதல் கறுப்பர் அவர்தான். 1974இல் ஜனாதிபதி நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையின்போது அரசியல் சாசனத்தைப் பற்றி அவர் பேசிய பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படிப்பட்டவரைக் குடியேற்றச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக ஜனாதிபதி கிளின்டன் நியமித்தார். அப்போது அவர் நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தார். குரல் மட்டும் அதே கணீர்!

ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? வேலை கொடுக்கும் முதலாளியைப் பிடி என்றது. எல்லையில் வேலி போடுவதோடு நிற்காமல், வேலைக்கு வருகிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று கணினியில் சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும் என்று 1994இல் பரிந்துரைத்தது. அப்படியொரு சரிபார்ப்பு 1996 சட்டத்தில் சோதனைத் திட்டமாக வந்து, இன்று ‘இ-வெரிஃபை’ என்ற பெயரில் நடக்கிறது. வரக்கூடாதவர் வந்தால் திருப்பி அனுப்பத்தான் வேண்டும் என்பதில் ஜோர்டான் கறாராக இருந்தார். சட்டபூர்வக் குடியேற்றத்தையே வருஷத்துக்கு 5,50,000 என்று குறைக்கச் சொன்னது ஆணையம். இத்தனை கறாரான ஆள், காகிதமில்லாதவர்களுக்கு அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைகளின் குடியுரிமையைப் பறிக்கலாமா என்ற பேச்சு 1995இல் எழுந்தபோது என்ன செய்தார்? கூடாது என்று குறுக்கே நின்றார்! அடிமைகளின் பிள்ளைகளைக் குடிமக்களாக்கிய அரசியல் சாசனத்தின் அதே 14ஆவது திருத்தத்தின் மேல் கைவைக்கும் காரியம் அல்லவா? இன்று இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டிய பாதி ஜோர்டானை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். 1996 ஜனவரியில் அவர் காலமானார். ஆஸ்டினில் உள்ள மாநில மயானத்தில் இடம் பெற்ற முதல் கறுப்பரும் அவரே.

வெளியாட்கள் வந்தால் உள்ளூர்க்காரரின் கூலி அடிபடும் என்ற வாதத்துக்கு வயது அதிகம். 1895இலேயே அட்லாண்டாவில் புக்கர் டி. வாஷிங்டன் வெள்ளை முதலாளிகளைப் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தேடாதீர்கள், பக்கத்திலிருக்கும் எங்களுக்கு வேலை கொடுங்கள் என்ற பொருளில் பேசினார். 1920களில் கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃபும் குடியேற்றக் கட்டுப்பாட்டை ஆதரித்தார். அவர்கள் பேசியது சட்டப்படி கப்பலேறி வந்த ஐரோப்பியர்களையும் சேர்த்துத்தான். ஆனால் வயிற்றுக் கவலை அதே கவலை. தோலின் நிறத்தை வைத்து ஒருவரின் நிலைப்பாட்டைக் கண்டுபிடிக்கப் பார்ப்பதைவிட, அவர் கூலி எங்கே வாங்குகிறார், எந்த வரிசையில் நிற்கிறார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று கேட்டால் சீக்கிரம் விடை கிடைக்கும்.

வாக்குப்பெட்டி என்ன சொல்கிறது? 1994இல் கலிபோர்னியாவில், காகிதமில்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடமும் அவசரமில்லாத மருத்துவமும் கிடையாது என்ற கடுமையான 187ஆவது முன்மொழிவு 59 சதவீத வாக்கில் ஜெயித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நடத்திய வாக்குக்குப் பிந்தைய கணிப்பின்படி கறுப்பர்களிலும் ஆசியர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேர், லத்தீனியரில் நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் ஆதரித்தார்கள். பிறகு அதை நீதிமன்றம் முடக்கியது. பத்து வருஷம் கழித்து அரிசோனாவில் இதைவிட மென்மையான 200ஆவது முன்மொழிவு வந்தபோது, லத்தீனிய வாக்காளர்களில் 47 சதவீதம் பேர் ஆதரித்ததாகக் கணிப்பு சொன்னது! இப்படிப்பட்ட கணிப்புகளைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். இருந்தாலும் மென்மையான சட்டம் என்றால் ஆதரவு இரட்டிப்பாகிறது என்பது யோசிக்க வைக்கிறது இல்லையா?

அமெரிக்க எல்லைக் காவல் படையில் ஏறத்தாழ பாதிப்பேர் லத்தீனியர், தெரியுமா? 1993 செப்டம்பரில் எல் பாசோ நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் போவி உயர்நிலைப் பள்ளி. மாணவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே மெக்சிகோ வம்சாவளியினர், பலர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களைப் பள்ளி வாசலிலேயே மடக்கிக் காகிதம் கேட்பது காவல் படையின் வழக்கமாக இருந்தது. ஒரு விளையாட்டுப் பயிற்சியாளரைத் துப்பாக்கி முனையில் நிறுத்திய கூத்தும் நடந்தது! மாணவர்கள் நீதிமன்றம் போய், 1992இல் தடை உத்தரவு வாங்கினார்கள். அந்த நேரத்தில் அங்கே காவல் படைக்குத் தலைவராக வந்தவர் சில்வெஸ்ட்ரே ரேயஸ், அதே வட்டாரத்தில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிக்காரர். ஊருக்குள் சுற்றி ஆட்களைத் துரத்துவதை விட்டுவிட்டு, 400 பேரை ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் 20 மைல் நீளத்துக்கு, ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தினார். எல்லை தாண்டுவது சட்டென்று குறைந்தது. பெரும்பான்மை லத்தீனியரான அந்த ஊர் மக்கள் அமோக ஆதரவு தந்தார்கள். ஆச்சரியமே இல்லை. இனிமேல் அவர்கள் பிள்ளைகளை யாரும் வழிமறிக்கப் போவதில்லையே! 1996இல் ரேயஸ் ஜனநாயகக் கட்சி சார்பில் நின்று நாடாளுமன்றத்துக்கே போனார்.

அட்லாண்டிக்கைத் தாண்டி பிரிட்டனுக்கு ஓர் எட்டு. 2019 முதல் 2024 ஜூலை வரை அங்கே உள்துறையை வைத்திருந்தவர்களில் பிரீத்தி படேல் உகாண்டாவிலிருந்து வந்த குஜராத்தியரின் மகள், ஜேம்ஸ் கிளெவர்லியின் தாய் சியரா லியோன்காரர். சுவெல்லா பிரேவர்மேன்? அவருடைய அம்மா மொரீஷியஸ் தமிழர்! படகில் வருகிறவர்களை ருவாண்டாவுக்கு ஏற்றி அனுப்பும் திட்டத்தை 2022இல் கொண்டுவந்தவர் படேல். தான் கொண்டுவந்த விதிகள் அன்று இருந்திருந்தால் தன் பெற்றோரே வந்திருக்க முடியாமல் போயிருக்கலாம் என்று அதற்கு முன்பே பேட்டியில் ஒப்புக்கொண்டவரும் அவர்தான். பிரேவர்மேன் அந்தத் திட்டத்தைத் தூக்கிப் பிடித்த அதே காலத்தில், கனடாவுக்குக் கிளம்பிப் படகு பழுதாகி 2021 அக்டோபரில் கரைசேர்ந்த இலங்கைத் தமிழர்கள், பிரிட்டன் வசமிருந்த டியேகோ கார்சியா தீவில் கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. தஞ்சம் கேட்டு வந்தவர்களைத் திருட்டுத்தனமாக வந்தவர் கணக்கில் சேர்ப்பதே தப்பு என்பது என் கட்சி.

கடைசியாக, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த ஒருவர். பாலக்காட்டுப் பெற்றோருக்குச் சின்சினாட்டியில் பிறந்த விவேக் ராமசாமி! 2023இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் விவாத மேடையில் நின்று, காகிதமில்லாதவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்புவழிக் குடியுரிமை கூடாது என்றார். பார்பரா ஜோர்டான் எதை மறித்தாரோ அதையே! கூட்டம் கைதட்டியது. கிரீன் கார்டு வரிசையில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பில் சிக்கி, பத்து வருஷத்துக்கு மேலாகக் காத்திருக்கும் இந்தியக் குடும்பங்களிலும் அவருக்கு ரசிகர்கள் உண்டு. வரிசையில் நிற்பவனுக்குச் சுவரேறிக் குதிப்பவன் மேல் எரிச்சல் வருவது இயல்புதான். ஆனால் 2024 டிசம்பரில், சட்டப்படி வரும் ‘எச்1பி’ விசாப் பொறியாளர்களைப் பற்றிய சண்டை வெடித்தது. அவர்களை அமெரிக்க நிறுவனங்கள் ஏன் விரும்புகின்றன என்று ராமசாமி விளக்கம் எழுதினார். அவ்வளவுதான்! அதுவரை கைதட்டியவர்களில் பலர் ஒரே நாளில் அவர் மேல் பாய்ந்தார்கள், இந்தியர்களே வரக்கூடாது என்று எழுதினார்கள். சட்டவிரோதம் மட்டும்தான் பிரச்சினை என்று அதுவரை சொல்லிவந்த கூட்டத்தில், அது மட்டும் பிரச்சினையாக இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று அந்த வாரம் பளிச்சென்று தெரிந்தது.