தூரிகையும் அச்சுப்பலகையும்: சீன மையோவியமும் மர அச்சுக் கலையும்

சீனத்து மையோவியத்தின் உயிர் தூரிகையின் ஓட்டத்தில் உள்ளது. புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்த்துக் கட்டியாக்கிய மையைக் கல்லில் நீர்விட்டு இழைத்து, ஓவியன் ஒருமுறை தீட்டிய கோட்டைப் பின்னர்த் திருத்துதல் அரிது. அன்குயி மாகாணத்திற் செய்யப்பெறும் சுவான் தாள் மையை உடனே உறிஞ்சும் தன்மையது. ஆதலாற் கையின் விரைவும் தயக்கமும் அத்தாளில் அவ்வாறே பதிந்துவிடுகின்றன. மர அச்சோ இதற்கு மாறான இயல்புடையது. பலகையிற் கத்தி மெல்ல மெல்லச் செதுக்கிய உருவம் பன்முறையும் வெளிவருதற்கென்றே அமைந்தது. ஒன்று மீளாத அசைவு. மற்றையது மீளும் வடிவு. இவ்விரண்டும் ஓரிடத்திற் கூடின், தூரிகையின் உயிர் எஞ்சுமோ, அதன் போலி மட்டுமே எஞ்சுமோ? இவ்விரு கலைகளையும் இணைக்க முயலும் இக்காலச் சீனக் கலைஞரை மதிப்பிடப் புகுவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா இதுவேயாகும்.

சீனர் பிரதி செய்தலை இழிவெனக் கருதினாரல்லர். ஏறத்தாழக் கி.பி. 500ஆம் ஆண்டளவில் வாழ்ந்த சியே ஹே என்பார் ஓவியத்திற்கு ஆறு விதிகளை வகுத்துரைத்தார். ஓவியத்தில் உயிர்த்துடிப்பு விளங்கவேண்டும் என்பது முதலாவது விதி. முன்னோர் ஓவியங்களைப் பார்த்தெழுதி அவற்றை வழிவழியாக அளித்தல் ஆறாவது விதி. உயிர்ப்பும் பிரதியும் ஒரே வரிசையில் இடம்பெற்றமை கருதத்தக்கது.

அச்சுக்கலையும் சீனத்தில் மிகத் தொன்மையானது. ஆண்டு குறிக்கப்பெற்று இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய அச்சு நூலாகிய வச்சிர சூத்திரம் 868ஆம் ஆண்டினது. எனினும், அக்கால அச்சுப்படங்கள் பெரும்பாலும் கோட்டுருவங்களே. மை படர்ந்து மங்கும் நுண்மையை அச்சிற் கொணர்ந்த பெருமை, நான்கிங் நகரிற் பத்து மூங்கில் மனை என்னும் பெயரிற் பதிப்பகம் நடத்திய ஹூ செங்யென் என்பாரைச் சாரும். 1633இல் அவர் வெளியிட்ட ஓவியத் தொகுதியில் ஒரு படத்திற்கே பல சிறு பலகைகள் பயன்பட்டன. ஒவ்வொரு நிறத்திற்கும் தனிப்பலகை வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தாளிற் பொருந்தப் பதிப்பது அம்முறை.

இம்முறையின் மருமம் நீரிலே உள்ளது. மேனாட்டு அச்சில் வழங்கும் எண்ணெய் மை தாளின் மேலே படிந்து நிற்கும். நீர்மையோ தாளினுள் ஊறிப் பரவும். அச்சிடுவோன் பலகையில் மையை ஓரிடத்து மிகுத்தும் ஓரிடத்துக் குறைத்தும் பூசி, ஈரமாக்கிய தாளை அதன்மீது விரித்து, பனைநாராலான தேய்ப்பானால் அழுத்துகின்றான். தாளின் ஈரமும் நீரின் அளவும் கையின் அழுத்தமும் சற்றே மாறினும் அச்சு மாறும். ஆகவே ஒரு பலகையிற் பிறந்த இரு அச்சுகளும் முற்றும் ஒன்றல்ல. தூரிகைக்குரிய கைத்திறன் இங்கே அச்சிடுவோனின் மணிக்கட்டிற் குடிபுகுகின்றது. பெய்ஜிங் நகரத்து ரொங்பாவ்சாய் நிலையம் இக்கலையைப் பேணி வருகின்றது. பத்தாம் நூற்றாண்டினரான கூ ஹொங்சொங் வரைந்ததெனப்படும் இராவிருந்து ஓவியத்தைப் பிரதிசெய்ய அங்கு 1,600இற்கு மேற்பட்ட பலகைகள் வெட்டப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் எழுத்தாளர் லூ சுன் இரு வழிகளையும் ஒருங்கே போற்றினார். 1931இல் அவர் சாங்காயில் இளைஞர்க்கு மரச்செதுக்கு வகுப்பொன்றை ஏற்பாடு செய்தார். ஜேர்மானியக் கலைஞர் கேத்தே கொல்விற்சின் அச்சுகளை அவர்க்கு அறிமுகஞ் செய்தார். அதே லூ சுன் 1933இல் செங் செண்துவோவுடன் சேர்ந்து பெய்ஜிங்கின் சித்திரக் கடிதத்தாள்களைத் தொகுத்து வெளியிட்டார். புதுமையை வேண்டியவர் பழைய நீரச்சை அழியவிட மனங்கொள்ளவில்லை.

இவ்விணைப்பை இக்காலத்தில் ஆழமாக ஆராய்ந்தவருள் ஒருவர் 1955இற் பிறந்த சூ பிங். அச்சுக்கலையை முறையாகக் கற்ற இவர், 2010இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையின் கண்காட்சிக்கென நெடிய நிலக்காட்சிச் சுருளொன்றைப் படைத்தார். தொலைவில் நோக்கின் அது மலையும் நீரும் மரமும் விரவிய மையோவியமாகவே தோன்றும். ஆயின் அதன் உறுப்புகள் யாவும் 1679இல் வெளிவரத் தொடங்கிய கடுகுமணித் தோட்ட ஓவியநூலின் அச்சுப்படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றைப் புதிதாகக் கோத்து, பலகையில் ஏற்றி அச்சிட்டுச் சுருளாக்கினார்.

கடுகுமணித் தோட்ட நூல் பல தலைமுறை மாணவர்க்கு ஓவிய அரிச்சுவடியாய் விளங்கியது. இலை இவ்வாறு, பாறை இவ்வாறு என்று அதன் அச்சுப்படங்களைப் பார்த்தே அவர்கள் தூரிகை பிடிக்கப் பழகினர். அச்சு தூரிகையைப் பின்பற்றியதுபோலவே தூரிகையும் அச்சினிடம் பாடங் கேட்டது என்பதை அச்சுருள் வெளிப்படுத்துகின்றது. சொற்கள் பொதுவாயினும் அவற்றாற் புலவன் புதுச்செய்யுள் யாத்தல் போல, மரபுவடிவங்கள் பொதுவாயினும் அவற்றால் ஓவியன் புதுக்காட்சி அமைக்கின்றான்.

எனவே இவ்விரு கலைகளின் கூட்டுறவை அந்நியக் கலப்பெனக் கொள்ளுதல் பொருந்தாது. நெடுநாள் அயலிருந்த உறவினர் மீண்டும் ஓரில்லத்திற் கூடியதே அது. பிரதி எடுத்தலாற் கலை இறப்பதில்லை. எடுக்கும் கை கவனத்தை இழக்கும்போதே அது இறக்கின்றது. நீர் ஊறும் தாளின்முன் அச்சிடுவோனும் ஓவியனும் ஒரே விழிப்புடன் நிற்கவேண்டியவராவர். அவ்விழிப்பு உள்ளவரை தூரிகையின் உயிர் பலகையிலும் நிலைபெறும்.