பரீட்சைக்கு உதவும் கேள்வி அட்டைகள்

பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, முக்கியமென்று தோன்றும் வரிகளுக்கெல்லாம் அடிக்கோடிட்டு, அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, எல்லாம் படித்தாயிற்று என்ற திருப்தியோடு படுக்கப் போகும் பிள்ளைகள் பரீட்சைக் காலத்தில் நம் வீடுகளில் அநேகர். அந்தத் திருப்தி பெரும்பாலும் மனத்தின் பிரமையே. பழகிய வரியைக் கண் அடையாளம் கண்டுகொள்வது ஒரு காரியம். கேள்வித்தாள் மட்டுமே எதிரில் இருக்கும்போது அதே விஷயத்தை ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதுவது முற்றிலும் வேறு காரியம்.

இந்த வித்தியாசத்தை அமெரிக்க உளவியலாளர்களான ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி பிரத்தியட்சமாகக் காட்டியது. ஒரு பகுதியை நான்கு தவணைகளிலும் வாசித்தவர்கள் ஒரு பக்கம், முதல் தவணையில் மட்டும் வாசித்துவிட்டு மற்ற மூன்றிலும் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிஷத்தில் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, அவர்கள் ஞாபகத்தில் சுமார் 40 சதவிகிதமும், எழுதிப் பார்த்தவர்கள் ஞாபகத்தில் சுமார் 61 சதவிகிதமும் எஞ்சியிருந்தன.

ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் தாங்கிய அட்டை, விடையைப் பார்ப்பதற்கு முன் யோசிக்கும்படி மாணவனைக் கட்டாயப்படுத்துவதால்தான் பயன் தருகிறது. ஆயினும் ஒருமுறை யோசித்தது என்றென்றைக்கும் நிலைப்பதில்லை. அர்த்தமற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், கற்றதில் பாதிக்குமேல் ஒரு மணி நேரத்திலும், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரு நாளிலும் நழுவிவிடுகின்றன என்று 1885-ல் எழுதினார். மறதி முற்றுவதற்குச் சற்று முன்னால் மறுபடி கேட்பதே உபாயம் என்று கண்டு, 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் அறைகள் பிரித்த ஒரு பெட்டியைச் சிபாரிசு செய்தார். விடை தெரிந்த அட்டை நாள் கழித்துத் திறக்கும் அடுத்த அறைக்குப் போகும், தெரியாதது முதல் அறைக்கே திரும்பும். அந்தக் கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்தவர், போலந்தில் மாணவராயிருந்த பியோத்ர் வோஸ்னியாக். 1987-ல் அவர் எழுதிய சூப்பர்மெமோ என்ற மென்பொருளின் சூத்திரத்தைத் தழுவியே 2006-ல் டேமியன் எல்ம்ஸின் ‘ஆங்கி’ பிறந்தது. கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் அது இலவசம்.

கேள்வி திரையில் தோன்றும். மாணவன் மனத்துக்குள் விடை சொல்லிக்கொண்டு மறுபக்கத்தைத் திறப்பான். பிறகு மறந்தது, கடினம், சரி, சுலபம் என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்துவான். சரி என்றால் அட்டை சில நாள் கழித்தும், அடுத்த தடவை சில வாரம் கழித்தும் வரும்; மறந்தது என்றால் சில நிமிஷங்களிலேயே வந்து நிற்கும். விடை தெரியாமலே ‘சரி’யை அழுத்துகிறவனுக்கு எந்தச் சூத்திரமும் உதவாது.

என் அபிப்பிராயத்தில், அட்டையை எழுதுவதில்தான் பாதிப் படிப்பு அடங்கியிருக்கிறது. ‘இதயத்தின் அமைப்பை விளக்குக’ என்று எழுதிய அட்டை வீண். அதற்கு எது சரி, எது தவறு என்று நிர்ணயிக்கவே முடியாது. ‘நுரையீரலிலிருந்து ரத்தம் இதயத்தின் எந்த அறைக்குத் திரும்புகிறது?’ என்று கேட்டு, மறுபக்கத்தில் ‘இடது ஆரிக்கிள்’ என்று மட்டும் எழுதினால் விடை ஒரே கணத்தில் வந்தாக வேண்டும், அல்லது வரவில்லையென்று ஒப்புக்கொண்டாக வேண்டும். பிறர் தயாரித்த ஆயிரம் அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிட, பாடத்தைப் புரிந்துகொண்ட பிறகு தன் கையால் எழுதிய நூறு மேல். கணித நிறுவல்களையும் நீண்ட கட்டுரை விடைகளையும் அட்டையில் அடக்க இயலாது. அவற்றுக்குக் காகிதமும் பேனாவுமே கதி.

இடைவெளி விட்டுக் கேட்பதற்கு நாட்கள் வேண்டும். ஆகவே பொதுத்தேர்வு மார்ச்சில் என்றால் பிப்ரவரியில் அட்டை எழுத உட்காருவது பிரயோஜனப்படாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததுமே அன்றன்றைய பாடத்துக்கு ஐந்தாறு அட்டைகள் எழுதும்படி பிள்ளைகளைப் பழக்குங்கள். அவர்கள் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அது விளையாட்டுக்குத்தான் என்று எண்ணிவிடாதீர்கள்.