பட்டணத்தில் ஓர் அறை

“சார், பையனுக்குக் கோலாலம்பூர்ல வேலை கெடச்சிருச்சு. தங்கறதுக்குத்தான் எடம் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?”

எஸ்.பி.எம். முடிவு வெளியாகிச் சில வாரங்கள் ஆனதும், எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு தாயாவது இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார். வேலை தேடித் தருவதைவிட அறை தேடித் தருவது கடினமாகிவிட்ட காலம் இது. எனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பேன். கூடவே, “ரசீது இல்லாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள், அம்மா” என்றும் சொல்வேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இங்கே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் இழந்த 240 வெள்ளி

2000-ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் தூசி. ஒரு கடைவீட்டின் மாடியில், பலகை அடித்துத் தடுத்த அறை ஒன்று மாதம் 120 வெள்ளிக்குக் கிடைத்தது. முன்பணம் இரண்டு மாத வாடகை. அம்மா பால் வெட்டிக் கூட்டுக் கட்டி எடுத்த பணத்தில் 240 வெள்ளியை அதற்குக் கொடுத்தார்.

அந்த அறையை எனக்கு விட்டவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் அல்லர். முழு மாடியையும் வாடகைக்கு எடுத்து, அறை அறையாகப் பிரித்து விட்டிருந்தவர். நம் ஆள், “தம்பி, தம்பி” என்று அன்பாகப் பேசுவார். அவரிடம் ரசீது கேட்க எனக்குக் கூச்சம்.

நான்காம் மாதம் ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்தேன். மாடிப்படிக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. எங்களிடம் மாதந்தோறும் வாங்கிய பணத்தை அவர் சொந்தக்காரரிடம் கட்டவே இல்லையாம். ஆளும் ஊரில் இல்லை. என் எஸ்.பி.எம். சான்றிதழ் அறைக்குள்ளே பெட்டியில் கிடந்தது. பயிற்சிக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு ஒரு வாரமே இருந்தது.

சொந்தக்காரர் வயதான ஒரு சீனத் தவுக்கே. என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்: “ரசீது இருக்கிறதா?” இல்லையென்று தலையை ஆட்டினேன். பெட்டியை எடுத்துக்கொள்ள விட்டார். அந்த இரக்கத்தால்தான் இன்று நான் ஆசிரியனாக இருக்கிறேன். ஆனால் முன்பணம் போனது போனதுதான். அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

வேலையோடு வந்த வீடு

நாம் ஏமாறுவது அறிவில்லாததால் அல்ல, பழக்கமில்லாததால். தோட்டத்தில் நம் தாத்தா பாட்டிகள் வீடு தேடி அலைந்ததில்லை. பிரட்டில் பெயர் பதிந்தால் லயத்தில் ஒரு வீடு கிடைத்தது. ஒப்பந்தம் இல்லை, முன்பணம் இல்லை. வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் அதற்குக் கொடுத்த விலை.

1950-களிலும் 60-களிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது அந்த விலை எவ்வளவு பெரியது என்று நம்மவர்களுக்குத் தெரிந்தது. வேலையும் கூரையும் ஒரே நாளில் போயின. அதைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். இன்று பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலைக்கு அவர் பெயர்தான். நம் பிள்ளைகள் அறை தேடி நடப்பதும் அந்தச் சாலையில்தான்.

உள்வாடகை

ஒருவர் வாடகைக்கு எடுத்த வீட்டை அல்லது அறையை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதே உள்வாடகை. இது தப்பான காரியம் அல்ல. முழு வீட்டுக்கு முன்பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. சொந்தக்காரருக்குத் தெரியாமல் நடக்கும்போதுதான் ஆபத்து. அவருக்கும் உங்கள் பிள்ளைக்கும் நடுவே ஒப்பந்தம் ஏதும் கிடையாது. நடுவில் நிற்பவர் தவறினால், தெருவில் நிற்பது பிள்ளைதான்.

பணக்கார நாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் வரிசையில் காத்திருக்க வேண்டும். அதனால் வெளிநாட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உள்வாடகைக்கே தங்குகிறார்கள். ஆனால் அங்கே வீட்டுச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விட்டவர் தம் வீட்டையே இழக்க நேரிடும். வாடகை வீட்டை நியாயமற்ற அதிக விலைக்கு உள்வாடகைக்கு விடுவதை 2019-இல் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள்.

நம் நாட்டில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப் போவதாக அரசாங்கம் பல முறை சொல்லியிருக்கிறது. அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? நம் கையிலுள்ள காகிதமே நமக்கு முதல் காவல்.

எவ்வளவு பணம் வேண்டும்?

மாதம் 500 வெள்ளி வாடகை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. அதாவது 1,000, 250, 500. மொத்தம் 1,750 வெள்ளி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. ஆக, முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். பிள்ளை படிக்கும்போதே இதற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வையுங்கள். தனி அறைக்கு ஒரு மாத முன்பணம் போதும் என்பவர்களும் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சென்ட்ரல் வந்துவிடலாம். ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெருவும் கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். ரயில் கட்டணத்தையும் பயண நேரத்தையும் வாடகையோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவு வேலை பார்க்கும் பிள்ளையாக இருந்தால், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டு வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

அறையை நேரில் பாருங்கள். கைப்பேசியில் வந்த படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பி ஏமாந்துவிட்டால், அழுதுகொண்டு இருக்காமல் உடனே 997 எண்ணுக்கு அழையுங்கள். மோசடிப் பணத்தைத் தடுத்து நிறுத்தவே 2022-இல் அந்த மையத்தைத் தொடங்கினார்கள்.

வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரிப் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். ‘சுக்காய் பிந்து’ என்று நாம் சொல்வோமே, அதுதான். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அந்தப் பில்லில் சொந்தக்காரர் பெயர் இருக்கும். அறை விடுகிறவர் வேறு ஆள் என்றால், சொந்தக்காரருடன் அவர் செய்த ஒப்பந்தத்தையும், உள்வாடகைக்கு விடச் சம்மதம் என்ற எழுத்தையும் கேளுங்கள். காட்ட மறுத்தால், “போய்ட்டு வர்றோங்க” என்று எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கமாக இருந்தாலும் போதும். இரண்டு பேருடைய பெயர், அடையாளக் கார்டு எண், வாடகை, முன்பணம், எத்தனை மாதம், முன்பணம் எப்போது திரும்பும் என்பவை அதில் இருக்கட்டும். அதற்கு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டுங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, 250 வெள்ளி வாடகைக்கு ஒரு வெள்ளி கணக்கு. மேலே சொன்ன அறைக்கு ஆண்டு வாடகை 6,000. வரி 24 வெள்ளி. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கமாட்டார்கள். முன்பணம் 1,000 வெள்ளியைக் காக்க 24 வெள்ளி அதிகமா?

வாடகையை வங்கி வழியாகக் கட்டினால் அதுவே ரசீது. அறைக்குள் போகும் முதல் நாளே சுவர், சன்னல், விளக்கு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ‘நீ உடைத்தாய்’ என்று பிறகு யாரும் முன்பணத்தில் கழிக்க முடியாது. பெண்பிள்ளையாக இருந்தால், அறைக் கதவுக்குத் தனிப் பூட்டு உண்டா என்று பாருங்கள். மாலை மங்கிய பிறகு அந்தச் சடக்கில் ஒருமுறை நடந்தும் பாருங்கள்.

முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால்? 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுகோரிக்கை வழக்குப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை. வாடகைக் காலம் முடிந்தும் குடியிருப்பவரைச் சொந்தக்காரர் தாமாகவே பூட்டைப் போட்டு வெளியேற்றவும் கூடாது. 1950-ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீப் சட்டப்படி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2000-ஆம் ஆண்டில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், காட்டுவதற்கு என்னிடம் என்ன இருந்தது?

சாத்தப்படும் கதவுகள்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது. “இந்தியர்களுக்கு இல்லை” என்று விளம்பரத்திலேயே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் பழைய மாணவி ஒருத்தி தாதி வேலைக்குப் போனாள். தொலைபேசியில் “அறை இருக்கிறது, வந்து பாருங்கள்” என்பார்களாம். நேரில் போய் நின்றால், “இப்போதுதான் ஆள் வந்துவிட்டது” என்பார்களாம். ஐந்து இடத்தில் இப்படி நடந்த பிறகு, “எங்கிட்ட என்ன சார் குறை?” என்று என்னிடம் கேட்டு அழுதாள்.

குறை அவளிடம் இல்லை. அதைப் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள். ஆறாவது வீட்டில், முன்பு குடியிருந்த இடத்தின் வாடகை ரசீதுகளையும் வேலைக் கடிதத்தையும் அவள் மேசையில் வைத்தாள். அந்த வீட்டு அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். எல்லாக் கதவையும் காகிதம் திறந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சில கதவுகளைத் திறக்கும்.

பெற்றோர்களே, பிள்ளை புறப்படும்போது ஊறுகாயும் போர்வையும் கட்டிக் கொடுக்கிறீர்கள். அதோடு ஓர் அட்டைக் கோப்பும் வாங்கிக் கொடுங்கள். சான்றிதழ்களின் நகல், ஒப்பந்தம், ரசீதுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். அசல் சான்றிதழ் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். “நம்ம ஆள்தானே, எப்படி ரசீது கேட்பது?” என்று பிள்ளை தயங்கினால், இந்த வாத்தியாரின் 240 வெள்ளிக் கதையைச் சொல்லுங்கள். நல்ல மனிதர் ரசீது கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால், அந்த இடத்தில் குடியேறாமல் இருப்பதே பிள்ளைக்கு நல்லது.